இடக்கையில் ஒரு குதிரை

புதிதாக ஸ்டேஜ் பியானோ வாங்கிய பிள்ளைகள் என்னிடம் வந்தால் முதலில் கேட்பது, "அன்ரி, எந்தச் சவுண்ட் நல்லது?" என்றுதான். செய்த சவுண்டை எப்படிப் பத்திரப்படுத்துவது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. உங்களில் பிழையில்லை. உங்கள் வயதில் எனக்கும் புதுச் சவுண்ட் செய்வதில்தான் பைத்தியம். அதை சேவ் பண்ணுவது சாப்பிட்ட பிறகு கோப்பை கழுவுவது மாதிரி. யாருக்குப் பிடிக்கும்?

மொன்றியலில் கலியாணம், சாமத்தியச் சடங்கு, பிறந்தநாள், கோயில் திருவிழா, மாதா திருநாள் என்று ஒன்றையும் விடாமல் வாசித்துவிட்டு, போன வருடம்தான் மேடையை விட்டு இறங்கினேன். இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னே நடந்த ஒரு கலியாணத்தைச் சொல்கிறேன். நான் வாசித்த கடைசிக் கலியாணங்களில் அதுவும் ஒன்று. இன்றைக்கும் பஸ்ஸில் போகும்போது அது நினைவுக்கு வந்து நான் தனியே சிரிக்க, பக்கத்துச் சீட்டுக்காரர் எழும்பி வேறு இடம் பார்த்துப் போயிருக்கிறார்.

கலியாணப் பொம்பிளையின் பெயர் நிரோஷினி. நாங்கள் நிரோ என்போம். எங்கள் மாதா கோயில் பங்குப் பிள்ளை, அங்கே பாட்டுக்குழுவில் என்னோடு நின்று வளர்ந்தவள். மாப்பிள்ளை சென்னைக்காரக் குடும்பம். கோயிலில் பூசையும் ஆசீர்வாதமும் முந்தின வாரமே சின்னதாக முடிந்திருந்தது. தாலிகட்டும் விருந்தும் மொன்றியலுக்குப் பக்கத்தில், புரோசார்ட்டில் ஒரு பெரிய மண்டபத்தில், ஞாயிறு பகல். அதற்குத்தான் எங்கள் இசைக்குழு.

கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது நிரோ எனக்குப் போன் எடுத்தாள்.

"அன்ரி, அப்பா என்னை மண்டபத்துக்குள்ளை கூட்டிக்கொண்டு வரப்போறாராம். வீல்செயார் வேண்டாமாம். ஊன்றுபொல்லும் வேண்டாமாம். நீங்கள் ஒருக்கா வந்து கதையுங்கோ."

அவளுடைய அப்பா அல்போன்ஸ் அண்ணை. வாழ்நாள் முழுக்க டவுன்டவுன் உணவகங்களின் சமையலறைகளில் ஓடி ஓடி வேலை செய்த மனிசன். அவருக்குப் பார்க்கின்சன் வருத்தம், நடுக்குவாத நோய். கை நடுக்கத்தை அவர் பெரிதாக எடுப்பதில்லை. "தேத்தண்ணிக்குச் சீனி கலக்கத் தேவையில்லை, கையே கலக்கிப் போடும்" என்பார். அவரை வாட்டியது கால்தான். நேர்ப் பாதையில் நடப்பார். படியும் ஏறுவார். ஆனால் ஒரு வாசலைக் கண்டால் கால் நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும். அந்த வருத்தத்தில் சிலருக்கு அப்படித்தானாம். போக வேண்டும் என்று மூளை சொல்லும், கால் கேட்காது.

நான் அவர்கள் வீட்டுக்குப் போன அன்றைக்கும் அப்படித்தான். கையில் பிஸ்கட் தட்டோடு குசினி வாசலில் நின்றுவிட்டார். நான் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல், பழக்கதோஷத்தில் தேக்கரண்டியால் மேசையில் தட்டினேன். டொக். டொக். டொக். மூன்றாவது தட்டுக்கு அவருடைய இடது கால் எழும்பியது. நான் தட்டிக்கொண்டே இருந்தேன். அவர் நடந்து வந்து பிஸ்கட்டை என் முன்னால் வைத்தார்.

"அங்கை கிளினிக்கிலையும் ஒரு மெஷின் வைச்சு டிக், டிக் எண்டு அடிக்கினம், தங்கச்சி" என்றார். "அதுக்கும் கால் போகுது. ஆனா என்ரை மகளின்ரை கலியாணத்திலை நான் மணிக்கூட்டுக்கு நடக்க மாட்டன்."

இதைவிட நல்ல வேலை எனக்கு யார் தரப்போகிறார்கள்? அன்று பின்னேரமே பியானோவைத் திறந்துவைத்து அதன் முன்னால் இருந்தேன். கட்டைகளை இரண்டாகப் பிரித்தேன். வலப்பக்கம் மெத்தென்ற வயலின் கூட்டம். இடப்பக்கம் மரத்தில் தட்டுகிற ஒரு சத்தத்தையும் ஆழமான பேஸ் ஒன்றையும் சேர்த்தேன். தட்டு காதுக்கு, பேஸ் காலுக்கு. தட்டு அதிகம் கேட்டால் கட்டடவேலை மாதிரி இருந்தது, குறைத்தால் கால் எழும்பவில்லை. அவரையே பங்கு மண்டபத்துக்குக் கூட்டிவந்து, வாசலில் நிறுத்தி, மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

ஒருநாள் சரியாக வந்தது. அவர் வாசலைத் தாண்டி வந்து மேடையைப் பிடித்துக்கொண்டு நின்று, "டொக் வந்தால் கால் தானாப் போகுது. இனி நான் அதுக்குப் பொறுப்பில்லை" என்றார். நிரோ அழுதாள், சிரித்தாள், திரும்பவும் அழுதாள். நான் உடனே அந்தச் சவுண்டை சேவ் பண்ணினேன். பியானோவின் சின்னத் திரையில் தமிழ் எழுத வராது. ஆங்கில எழுத்தில் 'அப்பா' என்று பெயர் வைத்தேன்.

கலியாண நாள் நல்ல பனி. சாமான் இறக்கி, வயர் கொழுவி, சவுண்ட் பார்த்து முடிக்க நேரம் சரியாக இருந்தது. 'அப்பா' அருமையாகக் கேட்டது. மண்டபத்துச் சுவர்கூட டொக்குக்குத் தலையாட்டியது. சனம் வர முதல் ஒரு வாய் சாப்பிடுவோம் என்று நாங்கள் பின்பக்கம் போனோம். மட்டன் ரோல்ஸ் சூடாக இருந்தது. அதுவும் இந்தக் கதையில் ஒரு பாத்திரம் என்றுதான் சொல்ல வேண்டும். சூடு இல்லாமல் இருந்திருந்தால் நாங்கள் கெதியில் திரும்பியிருப்போம்.

திரும்பி வந்தபோது என் பியானோவுக்கு முன்னால் ஒரு வயதானவர் பட்டு வேட்டியோடு இருந்தார். சுற்றிவரச் சின்னப் பிள்ளைகள், எல்லாம் பிரெஞ்சில் கூச்சல். என்னைக் கண்டதும் அவர் மரியாதையாக எழுந்துகொண்டார். மாப்பிள்ளையின் பெரியப்பா, சுந்தரம் ஸார். எஞ்சினியரிங் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"மன்னிக்கணும் மேடம். அழகான வாத்தியம். ரெண்டு நிமிஷம் தொட்டுப் பார்த்தேன்."

"பரவாயில்லை ஸார்" என்றேன். பிள்ளைகள் கலைந்து ஓடினார்கள். நான் திரையைப் பார்த்தேன். 'அப்பா' என்று இருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். திரையில் உள்ள பெயர், கடைக்கு முன்னால் கொழுவியிருக்கிற பலகை மாதிரி. உள்ளே கடைக்காரர் மாறியிருந்தாலும் பலகை அப்படியே இருக்கும். வேறொருவர் கை பட்ட கீபோர்டில், சத்தத்தைக் குறைத்து வைத்தாவது ஒரு கட்டையை அமத்திப் பார்க்க வேண்டும். எனக்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை. அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்துவிட்டார். "இதோ, மணமகளை அவருடைய தந்தை அழைத்து வருகிறார்!" சனம் எழும்பி நின்றது. கதவு திறந்தது.

வாசலில் அல்போன்ஸ் அண்ணை, கறுப்புக் கோட்டும் சூட்டும். அவருடைய கையைப் பிடித்தபடி நிரோ, சிவப்புக் கூறைச் சேலையில். அவர் வாசல் நிலையைப் பார்த்தார். நான் எதிர்பார்த்தபடி கால் ஒட்டிக்கொண்டது. அவர் கலங்கவில்லை. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்து, தொடங்கு என்பது போல ஒரு சின்னத் தலையசைப்பு.

நான் இரண்டு கையையும் வைத்தேன்.

வலக்கையில் வயலின்கள் தேன் மாதிரி வந்தன. இடக்கையிலிருந்து ஒரு குதிரை ஓடியது.

குதிரை என்றால் குதிரையேதான். டொக்குடு டொக்குடு டொக்குடு என்று நாலுகால் பாய்ச்சலில், மண்டபத்தின் பெரிய பெரிய ஸ்பீக்கர்களில், ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு. முன்வரிசையில் ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார். அவர் நிஜமாகவே குதிரையைத் தேடினார். வட இந்தியக் கலியாணங்களில் மாப்பிள்ளை குதிரையில் வருவது வழக்கமல்லவா, அப்படி ஏதோ ஏற்பாடு என்று நினைத்தாராம். பிள்ளைகள் "லெ ஷுவால்! லெ ஷுவால்!" என்று குதிரையைப் பிரெஞ்சில் கூப்பிட்டுத் துள்ளினார்கள். பிறகு முழு மண்டபமும் சிரித்தது.

"அக்கா, மாத்துங்கோ! மாத்துங்கோ!" டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து சுதன் கத்தினான்.

என்னுடைய வலக்கை வயலினை விட்டு எழும்பிவிட்டது. எந்த நல்ல கீபோர்டிலும் ஒரு பட்டன் இருக்கும். அமத்தினால் எந்தக் குழப்பத்திலிருந்தும் வெறும் பியானோவுக்கு வந்துவிடலாம். விரல் அதற்குக் கிட்டப் போய்விட்டது. அமத்தியிருந்தால் எல்லோரும் மறந்திருப்பார்கள், ஒரு நல்ல சோகமான பியானோவோடு அந்த மனிசன் வாசலில் நின்றிருப்பார்.

ஏன் அமத்தவில்லை என்று கேட்டால், நான் அந்த நேரம் திரையைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தேன். அவருடைய தோள் குலுங்கியது. ஐயோ, அழுகிறார் என்று முதலில் நினைத்தேன். அல்போன்ஸ் அண்ணை சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக இடது கால் எழும்பி, வாசல் நிலைக்கு அந்தப் பக்கம் விழுந்தது.

விரலைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். கால் போகிறது. அது எந்தச் சவுண்டுக்குப் போனால் எனக்கென்ன?

ஆனால் இன்னொரு பிரச்சினை. குதிரை பாய்கிறது, அண்ணை நடக்கிறவர். இந்த வேகத்துக்குக் கால் வைத்தால் மனிசன் மேடையில் போய் முட்டித்தான் நிற்பார். நிரோவின் முகத்தில் அந்தப் பயம் அப்படியே தெரிந்தது. அவள் சேலையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினாள்.

இப்படியான சத்தங்களில் ஒரு விசேஷம் இருக்கிறது. மேல் கட்டையில் வேகமாக ஓடும், கீழே இறங்க இறங்கத் தளரும். நான் இடக்கையைக் கீழே இறக்கினேன். பாய்ச்சல் ஓட்டமானது. இன்னும் இறக்கினேன். ஓட்டம் நடையானது. கடைசிக் கட்டைகளுக்குக் கிட்டப் போனபோது அது குதிரையாகவே இல்லை. வயிறு நிறையச் சாப்பிட்ட யானை ஒன்று யோசித்து யோசித்து வருவது மாதிரி, டொ... டொக். டொ... டொக். அதன் ஒவ்வொரு டொக்குக்கும் அண்ணையின் கால் ஒழுங்காக விழுந்தது. வலக்கையில் வயலினைத் திரும்பப் பிடித்தேன். இரண்டும் சேர, பிள்ளைகளே, கேட்க நன்றாகவே இருந்தது. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான்.

பாதி தூரத்தில் கம்பளம் முடிந்து பளபளவென்ற நடனத் தளம் தொடங்கியது. அந்தக் கோட்டில் அண்ணை நின்றார். வாசல் மாதிரியே நிலத்தில் ஒரு கோடும் அவருக்குப் பகை. குதிரை போய்க்கொண்டிருந்தது. கால் வரவில்லை. சிரிப்பு அடங்கத் தொடங்கியது. சிரித்த மண்டபம் அமைதியாவதைப்போலப் பொல்லாத ஒன்று மேடையில் நிற்பவருக்கு இல்லை. யாரோ கதிரையை இழுத்துக்கொண்டு உதவிக்கு எழும்பினார். நிரோ அவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினாள்.

சத்தத்தைக் கூட்டலாம், வேகத்தைக் கூட்டலாம் என்றுதான் உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. கூட்டியிருந்தால் அவரைப் பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி இருந்திருக்கும். நான் இரண்டு கையையும் எடுத்துவிட்டேன். சத்தமே இல்லை. சுதன் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் எழுத முடியாது.

அண்ணை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

மைக் இல்லாமலே சொன்னேன்: "அண்ணை, ஆறுதலா, அவசரமில்லை. முதல்லையிருந்து தொடங்குவம். சரியே?"

"ஓம்" என்றார். பிறகு மண்டபம் முழுக்கக் கேட்க நாக்கை மடித்து, வண்டில்காரன் மாட்டை முடுக்குகிற மாதிரி, ட்ளக் ட்ளக் என்றார்.

நான் வைத்தேன் கையை. டொ... டொக். முழங்காலை உயரத் தூக்கி, வேலி பாய்கிற பந்தயக் குதிரை மாதிரி, அந்தக் கோட்டைத் தாண்டி வைத்தார். அவ்வளவுதான், மண்டபம் எங்கள் கையில் இல்லை. சனம் டொக்குக்கு டொக் கைதட்டியது. சென்னை மாமிகளும் எங்கள் பருத்தித்துறை மாமிகளும் ஒரே தாளத்தில் தட்டியதை அன்றைக்குத்தான் கண்டேன். சுதனுக்குப் பொறுக்க முடியாமல் டிரம்ஸில் சேர்ந்தான். மேடையில் மாப்பிள்ளை, மாலையும் கழுத்துமாக, ஐயர் பிடித்து இருத்த இருத்த எழும்பி எழும்பிப் பார்த்தார். அல்போன்ஸ் அண்ணை கடைசி அடியை வைத்து, மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, வேர்த்து வழிந்தபடி சனத்துக்குத் தலை குனிந்தார். நான் வயலினை மட்டும் பிடித்துக்கொண்டு குதிரையை விட்டேன். கண்ணாடியில் ஈரம், திரை தெரியவில்லை.

தாலி கட்டி முடிந்து சாப்பாட்டு நேரம், சுந்தரம் ஸார் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"மேடம், நான்தான். 'அப்பா'ன்னு பேர் இருந்துச்சா, நானும் ஒரு அப்பாதானேன்னு திறந்தேன். குழந்தைங்க எல்லாம் குதிரை வேணும்னாங்க. சக்கரத்தைத் திருப்பிக்கிட்டே போனேன், குதிரை வந்துச்சு. அப்புறம் அது, 'சேவ் பண்ணட்டுமா?'ன்னு கேட்டுது."

"நீங்கள் என்ன சொன்னீங்கள் ஸார்?"

"அவ்வளவு மரியாதையா கேக்குது. வேணாம்னு எப்படிச் சொல்றது? ஆமான்னேன். 'நிச்சயமா?'ன்னு இன்னொரு வாட்டி கேட்டுது. அதுக்கும் ஆமான்னேன்."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவருக்கோ கண் கலங்கியிருந்தது. "அந்தச் சத்தம் அவருக்காகவே நீங்க செஞ்சதுன்னு இப்பத்தான் பொண்ணு சொன்னா. நடுவுல அவர் நின்னப்போ எனக்கு உயிரே இல்லை மேடம்."

அதற்குள் அல்போன்ஸ் அண்ணை வந்துவிட்டார். நடுவில் ஒரு வாசலும் இல்லாததால் நேரே வந்தார். சுந்தரம் ஸாரின் இரண்டு கையையும் பிடித்தார்.

"சம்பந்தி, உந்தக் குதிரையை அழிச்சுப் போடாதையுங்கோ எண்டு தங்கச்சிக்குச் சொல்லுங்கோ. டொக், டொக் எண்டு அடிக்கேக்கை நான் வருத்தக்காரன் எண்டு எனக்குத் தெரியும். குதிரைக்கு எனக்கு அது மறந்து போச்சு."

சுந்தரம் ஸார் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து பாயாசம் எடுக்கப் போனார்கள். அந்த வரிசையில் அவர்கள் போட்ட சத்தத்துக்கு என் ஸ்பீக்கர்கள் ஒன்றுமேயில்லை.

அன்றைக்கே குதிரையை வேறொரு இடத்தில் சேவ் பண்ணினேன். யூஎஸ்பியில் இன்னொரு பிரதி எடுத்தேன். பியானோவின் நினைவுக்குப் பூட்டுப் போடுகிற வசதி ஒன்று அதுவரை நான் தொட்டதேயில்லை. அதையும் தேடிப் பிடித்துப் போட்டேன். நீங்களும் போடுங்கள். ஆனால் பூட்டும் பிரதியும் வீட்டில் நிதானமாக இருக்கும்போது செய்கிற வேலை. கதவு திறந்த பிறகு உங்களிடம் இருப்பது கண் மட்டும்தான். அது திரையிலே இருந்தால் எதிரே நடப்பதை யார் பார்ப்பது? அந்த நிமிடத்தில் பிழையான சவுண்டா சரியான சவுண்டா என்று உங்களுக்குச் சொல்லக்கூடியது எதிரே நிற்கிற மனிசரின் முகம்.

நிரோ அந்தக் குதிரையைத் தன் போனில் பதிந்து அப்பாவுக்குக் கொடுத்தாள். பனி கரைந்த பிறகு ஒருநாள் அண்ணை என்னைக் கூப்பிட்டார். ஜான்-டலோன் சந்தைக்குப் போக வேணுமாம், மெட்ரோவில். வருத்தம் வந்த பிறகு அவர் மெட்ரோவில் ஏறினதில்லை. அந்தக் கதவு திறக்கும், நாலு பேர் இறங்குவார்கள், ஏறுவார்கள், மூடிவிடும். கால் எழும்புவதற்குள் ரயில் போய்விடும்.

பார்க் ஸ்டேஷனில் நின்றோம். போன் அவருடைய சட்டைப் பையில். ரயில் வந்தது. கதவு திறந்தது. அவருடைய கால் ஒட்டிக்கொண்டது.

"அண்ணை, பிளேயை அமத்துங்கோ!"

அவர் அமத்தினார். நடுங்கின விரல் சத்தத்தை முழுக்கக் கூட்டிவிட்டது போலும். ஸ்டேஷன் முழுக்க டொக்குடு டொக்குடு என்று எதிரொலித்தது. பெட்டிக்குள் போனைப் பார்த்துக்கொண்டிருந்த அவ்வளவு பேரும் தலை நிமிர்ந்து, இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டார்கள். அண்ணை "பொன்ஜூர், பொன்ஜூர்" என்றபடி அரசர் மாதிரி உள்ளே போனார். நான் பின்னால் பாய்ந்தேன். கதவு மூடியது. இரண்டு பெடியன்கள் எழும்பி இடம் கொடுத்தார்கள். இருவரும் இருந்து, ஒருவரை ஒருவர் பார்த்து, வாய் பொத்திச் சிரித்தோம். பிறகு பொத்தாமலும் சிரித்தோம்.

அடுத்த ஸ்டேஷனின் பெயரைச் சொன்னார்கள். அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"தங்கச்சி, சந்தை மற்றப் பக்கமெல்லோ?"

ஓம். மற்றப் பக்கம்தான். ஏறுகிற அவசரத்தில் எந்தப் பக்கத்து ரயில் என்று இரண்டு பேரும் பார்க்கவேயில்லை.

"இறங்குவமே அண்ணை?"

அவர் கையைக் கட்டிக்கொண்டு நன்றாகச் சாய்ந்து இருந்தார்.

"என்னத்துக்கு? கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போவம்."